உண்பது கறையான், செரிப்பது யார்?

கதவு நிலையைக் கறையான் தின்றுவிட்டது என்கிறோம். பெட்டியிலிருந்த பழைய பத்திரம் செல்லரித்துப் போயிற்று என்கிறோம். ஆனால் தோழியரே, விரல் பட்டாலே நசுங்கிவிடும் இச்சிறு பூச்சி, மாடும் தொடாத காய்ந்த கட்டையை எவ்வாறு செரிக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

மரத்தின் பெரும்பகுதி செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். அதை லிக்னின் என்னும் கடினப் பொருள் சிமெண்டு போல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. உடலை வளர்க்கத் தேவையான நைட்ரஜனோ மரத்தில் மிகமிகக் குறைவு. செல்லுலோஸைச் சிதைக்கும் நொதி கறையானின் உடலிலும் ஓரளவு சுரக்கிறது. எனினும் அது மட்டும் போதாது. மீதி வேலையை அதன் பின்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே செய்கின்றன.

இதை மெய்ப்பித்தவர் எல். ஆர். கிளீவ்லாண்டு என்னும் அமெரிக்க அறிஞர். 1920-களில் அவர் மரம் தின்னும் கறையான்களை வெப்பத்திலும் மிகுந்த ஆக்சிஜனிலும் வைத்து, அவற்றின் குடலிலிருந்த புரோட்டோசோவா என்னும் ஒற்றைச் செல் உயிர்களை மட்டும் அழித்தார். கறையான்கள் உடனே சாகவில்லை. முன்போலவே மரத்தைத் தின்றன. ஆனால் சில வாரங்களுக்குள், வயிற்றில் உணவு இருந்தும் பட்டினியால் மடிந்தன! அவ்வுயிர்களை மீண்டும் குடலில் சேர்த்தபோதோ பிழைத்துக்கொண்டன. புரோட்டோசோவா செல்லுலோஸைப் புளிக்கச் செய்து அசெட்டிக் அமிலமாக்குகிறது. அதுவே கறையானுக்குச் சக்தி தருகிறது. நிலக்கடலையின் வேர் முண்டுகளில் நடப்பது போலவே, கறையானின் குடலிலும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன என்பது 1973-இல் தெரியவந்தது.

எல்லாக் கறையான்களின் வயிற்றிலும் ஒரே கூட்டந்தான் இருக்கிறதா? இல்லை. மேசை, நாற்காலிக்குள்ளேயே வாழ்ந்து, கசகசா போன்ற எச்சத்தை உதிர்க்கும் உலர்மரக் கறையானிடம் புரோட்டோசோவா உண்டு. நம் தருமபுரி மாவட்டத்துச் செம்மண்ணில் புற்றெழுப்பும் ஒடோன்டோடெர்மிஸ் இனத்திடம் அது இல்லை. அப்படியானால் இது எவ்வாறு வாழ்கிறது?

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்பது பழமொழி. பாம்புக்கு முன்பே அங்குக் குடியிருப்பது ஒரு காளான். வேலைக்காரக் கறையான்கள் வைக்கோல், சருகு, மரத்தூள் ஆகியவற்றை மென்று, எச்சமாக்கி, தேனடை போல் அடுக்குகின்றன. அதில் காளான் வளர்ந்து, கடினமான லிக்னினைச் சிதைக்கிறது. பிறகு அந்த அடையையே கறையான்கள் உண்கின்றன. மழைக்குப் பின் புற்றில் குடை விரிக்கும் காளான் இதுவே. தரங்கம்பாடியில் மருத்துவராகப் பணியாற்றிய கோனிக் என்பவர், நம் பகுதிக் கறையான்களைப் பற்றி 1779-இல் எழுதிய கட்டுரையிலேயே இக்காளானைக் குறிப்பிட்டிருக்கிறார்.

உணவு மாறினால் குடலின் குடிகளும் மாறுகின்றன. ஜெர்மனியில் மார்பர்க் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தார் புரோட்டோசோவா இல்லாத கறையான்கள் பலவற்றை ஒப்பிட்டு, அவற்றின் பாக்டீரியாக் கூட்டத்தை முதன்மையாக முடிவு செய்வது உணவே என்று 2015-இல் அறிவித்தனர். மரம் தின்பவற்றில் சுருள் வடிவமுள்ள ஸ்பைரோகீட் பாக்டீரியாக்கள் மிகுதி. காளான் வளர்ப்பவற்றின் குடலோ கரப்பான் பூச்சியின் குடலை ஒத்திருக்கிறது. கறையான் கரப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை நினைத்தால் இது வியப்பன்று. ஆயினும் இக்கூட்டம் ஒரு நாளில் அமைந்துவிடுவதில்லை. மூத்த கறையான்கள் இளையவற்றுக்கு ஊட்டும் உணவோடு நுண்ணுயிர்களும் தலைமுறை தலைமுறையாகச் செல்கின்றன. நம் குடலிலும் இதே நியதிதான்; கேழ்வரகும் கீரையும் தரும் நார்ச்சத்து, அதை உண்ணும் நல்ல பாக்டீரியாக்களை வளர்க்கிறது.

இவற்றை அறிவதால் உழவருக்கு என்ன பயன்? நம் மாவட்டத்தில் நிலக்கடலைக் காயையும் மாங்கன்றையும் கறையான் தாக்குவதை அறிவோம். நன்கு மட்கிய எருவையே இடுங்கள் என்று வேளாண் அலுவலர்கள் சொல்வதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? மட்காத எருவிலுள்ள வைக்கோலும் தட்டையும் கறையானின் காளான் தோட்டத்துக்கு ஏற்ற சரக்கு. அதைத் தேடி வருவது பக்கத்திலுள்ள செடியையும் விட்டுவைப்பதில்லை. மட்கிய எருவிலோ அந்தச் செல்லுலோஸின் பெரும்பகுதியை வேறு நுண்ணுயிர்கள் முன்பே தின்று முடித்திருக்கும்.

அதே கறையான்தான் மானாவாரிக் காட்டில் உதிர்ந்த சருகையும் பட்ட மரத்தையும் மீண்டும் மண்ணாக்குகிறது. ஆகவே புற்றை இடிக்கக் கடப்பாரையை எடுக்குமுன், அதற்குள் இருப்பவர்களின் பசியை அறிந்துகொள்வோம். பசியை அறிந்தால் பயிரைக் காக்கும் வழியும் தெரியும்.