நட்டநடுவில் ஒரு ‘மிட்ஸ்ட்’

என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளில் எதுவும் எதற்கும் நடுவில் இருப்பதில்லை. எல்லாம் ‘மிட்ஸ்ட்’டில் இருக்கிறது. திடலின் மிட்ஸ்டில் கொடிக்கம்பம். சாலையின் மிட்ஸ்டில் மாடு. அம்மா சமைத்துக்கொண்டிருந்த மிட்ஸ்டில் கேஸ் தீர்ந்துபோகிறது. ஒரு பையன் வட்டத்தின் மிட்ஸ்டில் புள்ளியே வைத்துவிட்டான்.

சுங்கைப்பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியில் நான்காம், ஐந்தாம் படிவத்துக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பீடோங், செமிலிங், பாடாங் செராய், கோல கெட்டில் என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். இவர்களில் பலருடைய தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள். அப்பா அம்மா ஃபேக்டரி ஷிப்டுக்குப் போகிறவர்கள். பீடோங் ஹார்வர்ட் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. ‘நாங்க ஹார்வர்டுல படிச்சவங்க’ என்று அவர்கள் அடிக்கும் ஜோக்குக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் யாராவது அடிக்கத்தான் செய்கிறார்கள்.

‘மிடில்’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.

“அது மூனாம் வகுப்பு வார்த்தை டீச்சர். பொம்பாஸ்டிக்கா எழுதுனாத்தான் மார்க் வரும்.”

பின்வரிசையில் எல்லாரும் தலையாட்டினார்கள். ‘பொம்பாஸ்டிக் வோர்ட்ஸ்’ என்று தலைப்பிட்ட ஜெராக்ஸ் தாள் நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் கைமாறிக்கொண்டே இருக்கும். நம் பிள்ளைகளுக்கு அது பாராட்டுச் சொல். லண்டனில் ஒருவருடைய எழுத்தை அப்படிச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். அங்கே அதற்கு வெற்றாரவாரம் என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் கனவான்களின் சட்டைக்குள் திணித்து மார்பையும் தோளையும் எடுப்பாகக் காட்டிய பஞ்சுக்குத்தான் இங்கிலாந்தில் பொம்பாஸ்ட் என்று பெயர். நம் செவ்விலவ மரத்துக்குத் தாவரவியலார் வைத்திருக்கும் பெயர் பொம்பாக்ஸ். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை.

ஆனால் பஞ்சு திணிக்கும் பழக்கம் இந்தப் பிள்ளைகளோடு தொடங்கியதில்லை. என் அப்பா காலத்திலேயே தோட்டத்தில் அதற்கென்று ஓர் ஆள் இருந்தார். கிராணி.

துரைக்கு ஆங்கிலம் தெரியும். பெரட்டுக்கு வந்து நிற்கும் ஆளுக்குத் தமிழ் தெரியும். இரண்டுக்கும் இடையில் மேசை போட்டு உட்கார்ந்தவர் கிராணி. அந்த நாற்காலியில் பெரும்பாலும் மலையாளிகளையும் யாழ்ப்பாணத்தாரையும்தான் பார்க்கலாம். ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டுக் கப்பலேறி வந்த குடும்பங்கள். செக்ரோல் எழுதுவது, பால் நிறுத்த கணக்கைச் சரிபார்ப்பது, சம்பளம் போடுவது எல்லாம் அவர் வேலை. லீவு வேண்டுமென்றாலும், லயத்துக் கூரை ஒழுகினாலும், பிள்ளைக்குச் சூராட் பிறப்பு வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போக வேண்டும். ஆபீஸுக்குள்ளே போக முடியாது. ஜன்னலுக்கு வெளியே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

1970களில் என் அப்பத்தா ஊரில் படுத்த படுக்கையாகிவிட்டது என்று கடிதம் வந்தபோது அப்பாவும் அந்த ஜன்னலில் நின்றார். அவர் சொன்னது ஒரே வரி: “எங்கம்மா சாகக் கெடக்குதுங்க கிராணி. போய் மொகத்தப் பாத்துட்டு வரணும்.” கிராணி டைப்ரைட்டரில் தாளைச் சொருகி ஒரு பக்கம் அடித்தார். அதில் அப்பா ‘கீழே கையொப்பமிட்டவர்’ ஆகிவிட்டார். பணிவுடன் தெரிவித்துக்கொண்டார், தங்கள் மேலான கருணையை இறைஞ்சினார், பெருந்துயரின் ‘மிட்ஸ்ட்’டில் இருந்தார். கடைசியில் தங்கள் கீழ்ப்படிந்த ஊழியனாகக் கைநாட்டு வைத்தார். லீவு கிடைத்தது.

அந்தக் கடிதத்தின் கார்பன் நகலை அப்பா தகரப் பெட்டியில் சிவப்பு ஐசியோடு சேர்த்து வைத்திருந்தார். ஓர் எழுத்துகூட அவரால் படிக்க முடியாது. என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். புரிந்துகொள்ள அல்ல, அது ஓடும் ஓட்டத்தைக் கேட்க. கடிதம் அவ்வளவு பெரிதாக இருந்ததால்தான் துரை மசிந்தார் என்று கடைசிவரை நம்பினார். துரைக்கு அதில் வேண்டியிருந்தது ஆள் எண்ணும் தேதியும் மட்டும்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. பொம்பாஸ்டிக்காக எழுதினால் மார்க் வரும் என்கிறானே இன்றைய பையன், அவனுடைய நம்பிக்கையும் இந்த ஜன்னலிலிருந்து வந்ததுதான் என்பது என் கட்சி.

கிராணிகளுக்கு அந்த நடை எங்கிருந்து வந்தது? பாதி, அலுவலகக் கடிதங்களுக்கென்று அந்தக் காலத்தில் விற்ற மாதிரிக் கடிதப் புத்தகங்களிலிருந்து. மீதி, மிஷன் பள்ளியிலிருந்து. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள் ‘மிட்ஸ்ட்’டை வாரி இறைத்திருக்கிறது; ஏதேன் தோட்டத்தில் ஜீவ விருட்சம் நின்றதும் அங்கே மிட்ஸ்டில்தான். இப்போதைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அந்த மரம் சாதாரண ‘மிடில்’லுக்கு இடம் மாறிவிட்டது. அதாவது, அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அது பகட்டுச் சொல் இல்லை. நானூறு ஆண்டு ஓட்டத்தில் மற்றவர்கள் கைவிட்டுப் போனதால் உயர்ந்த பலகையில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. ‘மிட்ஸ்ட்’டின் வாலில் ஒட்டியிருக்கும் ‘ட்’டும் பிறகு வந்து சேர்ந்ததுதான்; ‘அகேன்ஸ்ட்’, ‘வைல்ஸ்ட்’ முதலியவற்றுக்கும் அதே வால் அதே போலத்தான் முளைத்தது.

1970இல் முதலாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஆங்கிலப் பள்ளிகள் மலாய்க்கு மாறின. அதன்பிறகு ஆங்கிலம் பாடமாக நின்றது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், என் காலத்தில் ரிமூவ் வகுப்பில் ஒரு வருஷம், பிறகு மலாயில் இடைநிலைப்பள்ளி. இந்தப் பாதையில் வரும் பிள்ளைக்கு ஆங்கிலத்தைப் பேசிக் கேட்கும் வாய்ப்பைவிட எழுதிப் பார்க்கும் வாய்ப்பு அதிகம். காதில் விழாத மொழியில் எந்தச் சொல் எந்தச் சபைக்கு என்று எப்படித் தெரியும்?

இன்னொன்றும் இருக்கிறது. நம் ‘நடு’ ரொம்ப தாராளம். “ஏழாம் நெரைக்கும் எட்டாம் நெரைக்கும் நடுவுல வாளி கெடக்குது” என்போம். “நெரைக்கு நடுவுல பாம்பு” என்போம். “பேசிட்டிருக்கும்போது நடுவுல வராத” என்போம். “ஊர் நடுவுல மானம் போச்சு” என்போம். ஆங்கிலத்தில் இந்த நான்கும் நான்கு வழியில் பிரிந்துபோகும். இரண்டு தனிப் பொருள்களுக்கு இடையே என்றால் ‘பிட்வீன்’. ஒரே பொருளின் உள்ளே என்றால் ‘மிடில்’. பேச்சை வெட்டினால் ‘இன்டரப்ட்’ என்று வேறு வினைச்சொல்லே வேண்டும். ஆட்கள் நிறைந்த இடத்தில் என்றால் ‘அமங்’, அல்லது நம் மிட்ஸ்ட். இதைச் சொல்லித்தராமல் விட்டால் ‘என் வீட்டுக்கும் கடைக்கும் மிடிலில்’ என்றுதான் பிள்ளை எழுதும்.

மலாய் வந்து இதை இன்னும் கலக்கிவிடும். ‘தெங்ஙா’ என்றால் நடு. ஆனால் ‘சாயா தெங்ஙா மாக்கான்’ என்றால் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். கெடாவில் வளரும் பிள்ளைக்கு ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றாலே நடு என்ற எண்ணம் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் ‘ஐ வாஸ் ஈட்டிங்’ என்று மூன்று சொல்லில் முடிவதை, சாப்பிடுதலின் மிட்ஸ்டில் இருந்தேன் என்று நீட்டுகிறார்கள். இலக்கணம் தப்பில்லை. சோற்றுத் தட்டைச் சுற்றிப் புயலடிப்பதுபோல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது, அதுதான் தொந்தரவு.

மிட்ஸ்டுக்குள் ஏதோ ஒன்று நம்மைச் சூழ்ந்திருக்க வேண்டும்: கூட்டம், குழப்பம், போர், துக்கம், மழை. அளந்து காட்டும் இடத்துக்கு அது ஆகாது. வட்டத்துக்கு ‘சென்டர்’. அதுவும் ஒற்றைப் புள்ளி. சாலைக்கும் இரவுக்கும் விரிந்த ‘மிடில்’ பொருந்தும், நள்ளிரவை யாரும் சென்டர் என்பதில்லை. கிரேக்கத்தில் ‘கென்ட்ரான்’ என்றால் கூர்முனை. காம்பஸின் ஊன்றிய கால். அந்தச் சொல்லே வானநூலோடு இந்தியாவுக்கு வந்து சமஸ்கிருதத்தில் கேந்திரம் ஆனது. நம் ஜோசியர் ஜாதகத்தை விரித்து 1, 4, 7, 10ஆம் வீடுகளைக் கேந்திரம் என்று சொல்லும்போது, ஷாப்பிங் சென்டரின் ஒன்றுவிட்ட அண்ணனைத்தான் சொல்கிறார். இதை வகுப்பில் சொன்னால் தூங்குகிறவனும் விழித்துக்கொள்வான்.

நடுவுக்கான ஒரே ஒரு கனத்த சொல்லை மட்டும் என் பிள்ளைகள் தவறாக எழுதி நான் பார்த்ததில்லை: ‘மீடியன்’. கணக்குப் பாடத்தில் மலாயிலும் அதே பெயரில் படிக்கிறார்கள். அதற்கு நான் தோட்டத்துக் கணக்கே கொடுப்பேன். ஐந்து பேர் கொண்டுவந்த பால்: 18, 21, 22, 24, 50 கிலோ. ஐம்பது கிலோக்காரர் மனைவியும் மகனும் சேர்ந்து வெட்டியதை ஒரே பெயரில் நிறுத்தவர். கூட்டி வகுத்தால் சராசரி 27. இவரைத் தவிர யாரும் 27ஐத் தொடவே இல்லை! வரிசையில் நிற்க வைத்து நடு ஆளைப் பார்த்தால் 22. அதுதான் மீடியன், அதுதான் அன்றைய நிலவரத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. இந்தச் சொல் ஏன் பிசகுவதில்லை? அதை வைத்து அவர்கள் ஏதோ ஒன்றைச் செய்திருக்கிறார்கள். மிட்ஸ்டை வைத்து மார்க் எதிர்பார்த்ததைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை.

மார்க் விஷயத்துக்கும் வருகிறேன், பெற்றோர் கேட்பது அதைத்தான். 2021ஆம் ஆண்டு எஸ்.பி.எம். முதல் ஆங்கில எழுத்துத் தாள், ஏ1 முதல் சி2 வரை ஆறு படி வைத்த ஐரோப்பிய அளவுகோலை ஒட்டி மாறிவிட்டது. முதல் பகுதியில் நண்பருக்கு எண்பது சொல்லில் ஒரு மின்னஞ்சல். அடுத்தது 125 முதல் 150 சொல். கடைசியில் 200 முதல் 250. உள்ளடக்கம், ஒழுங்கு, மொழி ஆகியவற்றோடு, யாருக்கு எழுதுகிறோமோ அவருக்கு ஏற்ற தொனி இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். ‘நாளைக்கு ஃபுட்பால் வர்றியா’ என்று கேட்கும் மின்னஞ்சலில் பரீட்சைகளின் மிட்ஸ்டில் இருக்கிறேன் என்று எழுதுகிறவன், பஞ்சு வைத்த சட்டையோடு பந்தடிக்க வந்தவன். எண்பது சொல்லில் நாலைந்து அதற்கே போய்விடுகிறது என்பது வேறு கதை.

பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்தது ‘அமிட்’. விலைவாசி உயர்வுக்கிடையே, வெள்ளத்துக்கிடையே என்று தலைப்புப் போட வசதியான குட்டிச் சொல். இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றால் மற்றது நடந்ததா என்று சொல்லாமல் நழுவவும் அது உதவும். செய்தி படிக்கும்போது அந்தச் சொல்லைப் பார்த்தால் பேனாவால் சுழித்து, ‘இதனாலா, இல்லை இதே நேரத்திலா?’ என்று ஓரத்தில் எழுதச் சொல்கிறேன். மாணவர்களுக்கு இது பிடித்துப்போய்விட்டது. பெரியவர்களைக் குறைசொல்லக் கிடைத்த வாய்ப்பை யார்தான் விடுவார்கள்!

மிட்ஸ்டை நான் தடை செய்யவில்லை. நாப்பண் என்ற சொல் தமிழில் இருக்கிறது என்பதற்காகப் பேருந்து நிலையத்தில் அதைப் பேசமாட்டோம். கவிதையில் வந்தால் தள்ளவும் மாட்டோம். மிட்ஸ்டுக்கும் சபை உண்டு, நம் ஊரிலேயே உண்டு. கல்யாண விருந்து, கோயில் ஆண்டுக்கூட்டம், பள்ளிப் பரிசளிப்பு. என் பழைய மாணவி ஒருத்தி இப்போது சனி ஞாயிறுகளில் மேடை அறிவிப்பாளராகப் போகிறாள். ‘யாங் பெர்ஹோர்மாட் அவர்கள் இன் அவர் மிட்ஸ்ட் இருப்பது நமக்குப் பெருமை’ என்று அவள் ஒலிவாங்கியில் சொல்லும்போது மண்டபமே நிமிர்ந்து உட்காரும். அங்கே ‘மிடில்’ என்று சொல்லிப் பாருங்கள். ஒய்.பி. இரண்டு மேசைக்கு நடுவே வழியை மறித்துக்கொண்டு நிற்பதுபோல ஆகிவிடும்.

இதை வகுப்பில் விளக்கி முடித்ததும் பாடாங் செராய்ப் பையன் கையைத் தூக்கினான்.

“ஒய்.பி. இன்னும் வந்து சேரலன்னா டீச்சர்?”

அவன் அப்பா கோயில் கமிட்டியில் இருக்கிறார், அனுபவம் பேசுகிறது. அதற்கும் ஆங்கிலத்தில் ஒரு நடு இருக்கிறது, ‘ஹாஃப்வே’ என்று எழுதிக்கொள் என்றேன்.