ரேடியோ நெல் சொல்லும் பாடம்

"நல்ல நிகழ்ச்சி, கேளுங்க" என்று நண்பருக்குச் சொல்வது சின்ன விஷயமா? 1960களில், ஜப்பான் நெல்லோடு ஒட்டுச் சேர்த்து ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 ரகத்தைத் திருச்சி வானொலி எடுத்துச் சொன்னது. கேட்டவர் அடுத்தவருக்குச் சொல்ல, தஞ்சைக் குறுவை வயல்களில் அது பரவியது. மக்கள் அதற்கு வைத்த பெயரே 'ரேடியோ நெல்'தான்! அதன் பின்னாலேயே ரசாயன உரமும் வயலுக்குள் வந்தது. சொன்னது வானொலி, செலவும் மண்ணும் நம்முடையவை.

அதனால், வானொலியோ பாட்காஸ்டோ, பரிந்துரைக்கும் முன் மூணு கேள்வி கேளுங்க. பேசுபவர் தன் வயலில் செய்து பார்த்தவரா? எந்த மண், எந்தப் பட்டம், எவ்வளவு செலவு என்று சொல்கிறாரா? கடைசியில் எதையாவது வாங்கச் சொல்கிறாரா?

இரும்புலியூரில் மாடித்தோட்டம் போட்டிருப்பவரும் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் திருச்சி நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்கலாம். ஆனால் டெல்டா நெல்லுக்குச் சொன்னது தொட்டிக் கத்தரிக்குப் பொருந்தாது. எனவே வெறும் இணைப்பை அனுப்பாமல், "இந்தப் பகுதி உங்களுக்கு உதவும், முதல்ல ஒரே ஒரு பாத்தியில செஞ்சு பாருங்க" என்று சேர்த்தே சொல்லுங்க.