சவ்வு என்னும் நுண்சல்லடை

நெல்லின் உமியை நீக்கினால் பழுப்பரிசி கிடைக்கும். அதனைத் தீட்டி வெள்ளரிசி ஆக்கும்போது உதிரும் மேலுறையே தவிடு ஆகும். நெடுங்காலம் கால்நடைத் தீவனமாகப் பயன்பட்ட தவிட்டில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு எண்ணெய் உள்ளது. இன்று அவ்வெண்ணெய் இந்தியாவில் பலருடைய சமையலறைகளில் இடம்பெற்றுள்ளது.

ஆலைகளில் ஹெக்சேன் என்னும் கரைப்பானைக் கொண்டு தவிட்டிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுப்பர். அவ்வாறு கிடைக்கும் எண்ணெய் கருமை படர்ந்திருக்கும். பசைப்பொருள், மெழுகு, நிறமிகள், தனிக் கொழுப்பமிலங்கள் ஆகியவை அதில் கலந்திருக்கும். அவற்றை நீக்கிய பின்னரே எண்ணெய் உணவுக்கு ஏற்றதாகும்.

வழக்கமான தூய்மை முறை பல படிகளை உடையது. நீரோ அமிலமோ சேர்த்துப் பசைப்பொருளைப் பிரிப்பர்; குளிரச்செய்து மெழுகை அகற்றுவர்; எரிசோடா சேர்த்துக் கொழுப்பமிலங்களைச் சோப்பாக மாற்றி நீக்குவர். பின்பு வெளுக்கும் மண் நிறமிகளை உறிஞ்சும். இறுதியில் 200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் நீராவியைச் செலுத்தி வாடையைப் போக்குவர். எண்ணெய் தெளிவடையும், ஆயினும் இழப்பும் உண்டு. தவிட்டெண்ணெய்க்குச் சிறப்பைத் தரும் ஒரைசனால் என்னும் நற்பொருளின் பெரும்பகுதி சோப்புடன் வெளியேறிவிடும். கழிவுநீரும் மிகுதியாகும்.

இவ்விழப்பைக் குறைக்க அறிவியலறிஞர் நாடிய வழியே சவ்வு முறை. வீடுகளில் உள்ள ஆர்.ஓ. கருவியின் சவ்வு, நீரைச் செல்லவிட்டு உப்பைத் தடுப்பதை மாணவர் அறிவர். எண்ணெயிலும் இத்தகைய பணியைச் சவ்வு செய்யும். ஆனால் இங்கு ஓர் ஐயம் எழும். பசைப்பொருளின் மூலக்கூறும் எண்ணெயின் மூலக்கூறும் ஏறத்தாழ ஒரே அளவின. அவ்வாறாயின் சல்லடை அவற்றை எவ்வாறு பிரிக்கும்?

பசைப்பொருளின் மூலக்கூற்றுக்கு நீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் வாலும் உண்டு. எண்ணெய் கலந்த ஹெக்சேனில் அவை தலைகளை உள்ளே மறைத்து, வால்களை வெளியே நீட்டி, ஒன்றுகூடித் திரளும். எண்ணெய் மூலக்கூற்றின் நிறை ஏறத்தாழ 900. அத்திரளின் நிறையோ 20,000 அளவுக்கும் உயரும். எனவே எண்ணெய் சவ்வைக் கடந்துவிடும், திரள் தங்கிவிடும்.

மைசூரில் 1950ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் தவிட்டெண்ணெயைச் சவ்வில் செலுத்தி ஆராய்ந்தனர். பசை, மெழுகு, நிறமி ஆகியவை ஒருங்கே குறைந்தன. ஒரைசனால் எண்ணெயிலேயே நிலைத்தது.

எனினும் தடைகள் உள. தனிக் கொழுப்பமிலத்தின் மூலக்கூறு எண்ணெயினதைவிடச் சிறியது. ஆதலின் அதுவும் எண்ணெயுடன் சவ்வைக் கடந்துவிடும். எண்ணெய் பாகுத்தன்மை உடையதாதலால் மெல்லவே ஊடுருவும். பசை படிந்து சவ்வு அடைபடும். சிலவகைச் சவ்வுகள் ஹெக்சேனில் சிதையும். இத்தடைகளைக் கடந்தால்தான் மாசினை நீக்கும்போது நற்பொருளையும் இழக்காத எண்ணெய் பெருமளவில் மக்களுக்குக் கிட்டும்.

பயிற்சி

1. வழக்கமான முறையில் ஒரைசனால் இழக்கப்படுவது ஏன்?
2. ஒரே அளவுள்ள மூலக்கூறுகளைச் சவ்வு பிரிப்பது எவ்வாறு?
3. பிரித்து எழுதுக: தவிட்டெண்ணெய், நற்பொருள்.
4. உம் வீட்டில் பயன்படும் சல்லடை ஒன்றைச் சவ்வுடன் ஒப்பிட்டு ஐந்து வரிகள் எழுதுக.