தலைவலி மாத்திரை வாங்கும் முன்

ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலருக்கு மெடிக்கல் ஷாப்காரர்தான் டாக்டர். "போன தடவை குடுத்ததே ஒரு அட்டை குடுங்க" என்று வாங்கி வந்து, விளக்கை அணைத்துப் படுத்துவிடுகிறார்கள். இந்த நோய் தலையோடு நிற்பதில்லை என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத சேதி.

அமெரிக்காவில் 45 வயதும் அதற்கு மேலும் ஆன 27,840 பெண்களை ஏறத்தாழ 10 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. 'ஆரா' என்ற முன்னறிகுறியோடு தலைவலி வந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்து இரு மடங்குக்குச் சற்று அதிகம். ஆரா இல்லாதவர்களிடம் அந்த ஆய்வில் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. இரு மடங்கு என்றதும் பதற வேண்டாம். ஆண்டுக்கு 10,000 பெண்களில் கூடுதலாக 18 பாதிப்புகள், அவ்வளவுதான். ஆனால் சிகரெட்டும் பிரஷரும் சேரச் சேர ஆபத்து ஏறும்.

ஆரா என்பது இதுதான்: படித்துக்கொண்டிருக்கும் வரியில் நடு எழுத்துகள் காணாமல் போகும். அந்த இடத்தில் மினுமினுக்கும் கோணல்மாணல் கோடு ஒன்று மெல்ல விரியும். சிலருக்கு விரலில் தொடங்கும் மரமரப்பு கைவழியே ஏறி உதட்டுக்கு வரும். 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இருந்துவிட்டுப் போகும்.

இப்படி ஆரா வருகிறவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தொடக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிசிஓடி என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு எழுதித் தரப்படுவதும் பல சமயம் இதே மாத்திரைதான். வாங்கும் பெண்ணுக்கு அது தெரிவதில்லை. எனக்குப் பெரிய கவலை இதுதான்.

உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிக்காது, அளந்தால்தான் தெரியும். ஆனால் ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட்டமைன், சுமாட்ரிப்டான் போன்ற மாத்திரைகள் ரத்தக் குழாயைச் சுருக்குபவை. பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்களும் இதய நோயாளிகளும் இவற்றைச் சாப்பிடக்கூடாது. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் அடிக்கடி போட்டால் பிரஷரே ஏறும். மாதத்தில் 15 நாள் வலி மாத்திரை விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

இத்தனைக்கும், பிரஷருக்குத் தரும் ப்ராப்ரனலால், கேண்டசார்ட்டன் இரண்டும் ஒற்றைத் தலைவலியையும் வராமல் குறைப்பவை. யாருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்துமா இருந்தால் ப்ராப்ரனலால் ஆகாது, கர்ப்பிணிக்குக் கேண்டசார்ட்டன் ஆகாது.

ஆரா மெல்லப் பரவும். வாய் கோணுவது, ஒரு கை துவள்வது, பேச்சு குழறுவது திடீரென வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். "வழக்கமான தலைவலிதான்" என்று படுக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.