‘மலேசியா வா’ என்று அழைத்த பெட்டி

வீட்டுக்குள் கணினி – 11

சிரம்பானிலிருந்து குவாலா பிலா போகும் சாலையில் அம்பாங்கானைத் தாண்டினால் பாரோய். விளையாட்டரங்கத்தால் நாடு முழுக்கப் பெயர் தெரிந்த ஊர். அதற்கப்பால் சாலை புக்கிட் புத்துஸ் மேடேறத் தொடங்கும். தாமான் மேல் தாமானாக வீடுகள் எழும்பி நிற்கும் இந்தப் பக்கத்தில், சுற்றுவட்டாரத் தோட்டப்புறங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. லயத்தைக் காலி செய்தவர்கள் தூக்கிவந்த சாமான்களில் ஒன்று இன்னும் வீசப்படாமல் இருக்கும். படிக்கட்டுக்கு அடியிலோ சாமி மேடைக்குக் கீழோ, ஓர் அட்டைப்பெட்டி நிறைய கேசட்டு.

அந்தக் கேசட்டுகளையும் சிடிக்களையும் கணினிக்குள் ஏற்றும் வேலையைச் சென்ற வாரம் பார்த்தோம். ஏற்றியாயிற்று. இனி அவை எங்கே குடியிருப்பது?

மடிக்கணினியில் கொஞ்சம், விரலியில் கொஞ்சம், மகனின் கைப்பேசியில் கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தால் ஆறு மாதத்தில் பாதி காணாமல் போகும். பாட்டுக்கென்றே ஒரு சின்னக் கணினியை ஒதுக்கிவிடுவதுதான் வழி. திரை வேண்டாம், தட்டச்சுப் பலகை வேண்டாம். இணைய ரௌட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் எந்த அறையில் எந்தக் கருவி கேட்டாலும் பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு அது மட்டுமே வேலை.

‘யூடியூபில் எல்லாம்தான் இருக்கிறதே’ என்று வீட்டில் ஒருவர் நிச்சயம் கேட்பார். நியாயமான கேள்வி. சினிமாப் பாட்டில் பெரும்பாலானவை அங்கே இருக்கின்றன. நடுவில் விளம்பரமும் இருக்கிறது. ஆனால் வானொலியில் நேயர் விருப்பம் ஓடும்போது, அறிவிப்பாளர் தங்கள் தோட்டத்துப் பெயரையும் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களையும் வாசித்ததைப் பதிவு பொத்தானை அமுக்கிப் பிடித்து வைத்தவர்கள் உண்டு. திருவிழாவில் தோட்டத்துப் பஜனைக் குழு பாடியது, பாட்டி பாடிய தாலாட்டு, பின்னணியில் கோழி கூவும் பிறந்தநாள் பதிவு. இவற்றை யாரும் யூடியூபில் ஏற்றி வைத்திருக்கப் போவதில்லை.

இயந்திரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை வகைக் கணினி உள்ளங்கையில் அடங்கும். அதன் நான்காம் தலைமுறை இந்த வேலைக்குத் தாராளம், மூன்றாவதே போதும். சராசரியாக 5 வாட் இழுத்தாலும், இரவு பகலாக ஓடி மாதத்துக்கு 3.6 யூனிட்தான் ஆகும். மின்கட்டணத்தில் இரண்டு வெள்ளியைத் தாண்டாது. வாங்க மனமில்லாதவர்கள் அலமாரியில் தூங்கும் பழைய மடிக்கணினியை எழுப்பலாம். அதில் ஒரு கூடுதல் வசதி: மின்சாரம் போனாலும் பேட்டரி தாங்கும்.

இடம் எவ்வளவு வேண்டும் என்பதும் சின்னக் கணக்குதான். சிடியில் ஒலி ஒரு வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட்டாக, இரண்டு தடங்களில் எழுதப்படுகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 மெகாபைட். ஃபிளாக் என்ற வடிவம் ஒலியில் ஒரு துளியும் இழக்காமல் அதை ஏறக்குறையப் பாதியாகச் சுருக்கும். ஒரு கேசட் 350 மெகாபைட் என்று வைத்தாலும், 300 கேசட்டுக்கு 105 கிகாபைட். 256 கிகாபைட் எஸ்.எஸ்.டி ஒன்றில் அட்டைப்பெட்டி முழுவதும் அடங்கி, மிச்சமும் இருக்கும். எம்பி3யாக மாற்றினால் இன்னும் சுருங்கும். ஆனால் அதற்காகக் காதுக்குத் தெரியாது என்று சில விவரங்களை வெட்டிவிடும். வெட்டியதைப் பிறகு ஒட்ட முடியாது. தேய்ந்த கேசட்டை இன்னொரு தடவை ஓட்ட வாய்க்குமோ என்னவோ, முதல் பிரதியை ஃபிளாக்கில் வைப்பதே புத்தி.

மென்பொருளில் வோலுமியோ, மூட், நாவிட்ரோம் என்று பல உண்டு. இந்தத் தொடர் லிரியனைத் தேர்ந்தெடுப்பதற்கு அதன் கதையும் ஒரு காரணம். 2001இல் ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு அமெரிக்க நிறுவனம் வீட்டுக் கணினியிலிருந்து பாட்டை இழுத்து ஒலிக்கும் ஸ்லிம்பி3 என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதற்காக எழுதிய மென்பொருளின் மூலநிரலை எல்லாருக்கும் திறந்து வைத்தது. 2006இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2012இல் ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற அந்தக் கருவி வரிசையையே நிறுத்தியது. கடை மூடியாயிற்று, ஆனால் நிரல் பயனர்களின் கையில் இருந்தது. அவர்களே ஓட்டிக்கொண்டு வந்து, 2024இல் ‘லிரியன் மியூசிக் சர்வர்’ என்று பெயரும் மாற்றினார்கள். கடை போனாலும் பாட்டுப் போகாத ஏற்பாடு இது. கேசட் தயாரித்த கம்பெனிகளில் பாதி இன்று இல்லை என்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ராஸ்பெரி பையில் லிரியனை நிறுவ எளிய வழி பைகோர்பிளேயர் என்ற இயங்குதளம். அதை மெமரி கார்டில் எழுதி, கணினியில் செருகி, மின்சாரம் கொடுத்தால் போதும். மற்ற அமைப்புகளைக் கைப்பேசியின் உலாவியிலிருந்தே செய்துகொள்ளலாம். இதில் நம் ஊருக்கு மிகவும் தேவையான ஒரு குணம் இருக்கிறது. கணினி கிளம்பியதும் இயங்குதளம் முழுவதும் நினைவகத்துக்குள் ஏறிவிடும். அதன் பிறகு மெமரி கார்டில் ஓயாமல் எழுதிக்கொண்டிருக்காது. மலேசியத் தீபகற்பத்தில் மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்கத் தொடங்கினால் ‘பிளக்கைப் பிடுங்கு’ என்ற சத்தம் எல்லா வீட்டிலும் கேட்கும். சாதாரண அமைப்பில் அப்படிச் சட்டென்று பிடுங்கினால், எழுதிக்கொண்டிருந்த கார்டு கெட்டு, மறுநாள் கணினி கிளம்பாமல் போகலாம். பைகோர்பிளேயரில் அந்த ஆபத்து மிகக் குறைவு. பாட்டு இருக்கும் எஸ்.எஸ்.டியையும் படிக்க மட்டுமான நிலையில் வைத்துவிட்டு, புதுப் பாட்டு ஏற்றும்போது மட்டும் திறந்தால் நிம்மதி.

ஒலி வெளியே வரும் வாசலையும் கவனிக்க வேண்டும். ராஸ்பெரி பையின் ஹெட்ஃபோன் துளை இசைக்கென்று செய்யப்பட்டதல்ல. அமைதியான இடங்களில் இரைச்சல் கேட்கும். ஐந்தாம் தலைமுறையில் அந்தத் துளையே இல்லை. எண்களை ஒலியாக மாற்றும் டாக் என்ற சிறு பலகையை மேலே செருகி, அதிலிருந்து பழைய ஹைஃபையின் பின்பக்கச் சிவப்பு, வெள்ளைத் துளைகளுக்கு ஒயர் போட வேண்டும். கேசட் பக்கம் பழுதான செட்டை வீசிவிடாதீர்கள். அதன் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

இவ்வளவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அடுத்த பல ஞாயிறுகளைத் தின்னப்போவது பெயர்கள்.

ஒவ்வொரு பாட்டுக் கோப்புக்குள்ளும் பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம் முதலிய குறிப்புகளை எழுத இடம் உண்டு. சர்வர் அவற்றைப் படித்துத்தான் பட்டியல் போடும். சிடியைச் செருகினால் இணையத்திலிருந்து இந்தக் குறிப்புகள் தாமாக வரும் என்பார்கள். வரும். யாரோ எங்கிருந்தோ ஆங்கிலத்தில் தட்டி வைத்தவை வரும். இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு ‘ல்’லா இரண்டா, ‘ஐ’யா ‘ஏ’யா, ராஜாவுக்கு எத்தனை ‘ஏ’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். சர்வருக்கு அவர்கள் நான்கைந்து தனித்தனி மனிதர்கள். எஸ்.பி.பி.யின் கதியும் அதுவே. பெயரைத் தமிழில், ஒரே மாதிரி, தானே தட்டுவதைத் தவிர வேறு மருந்து கிடையாது. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருளும், பிறகு கைப்பேசிக்கு வந்த செல்லினமும் பழகிய மலேசியத் தமிழர்களுக்குத் தமிழில் தட்டுவது பெரிய காரியமல்ல. பத்திருபது ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் தட்டி வைத்தவர்களுக்குத்தான் சோதனை. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக் குறியேற்றங்களில் எழுதிய பெயர்கள் இன்று தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும்.

இன்னொரு கண்ணி, எம்பி3 கோப்புக்குள் இந்தக் குறிப்புகளை எழுதும் ஐடி3 முறையின் முதல் பதிப்பு. பழைய எம்பி3 கோப்புகளின் வாலில் இது ஒட்டிக்கொண்டிருக்கும். பெயருக்கு அது ஒதுக்கிய இடம் 30 பைட். ஆங்கிலத்தில் 30 எழுத்து; ஒருங்குறித் தமிழை அதில் திணித்தால் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுத்துக்கொள்ளும், கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. இந்த மண்ணில் பிறந்து, தமிழகம் போய், 1977இல் ‘16 வயதினிலே’ படத்தால் புகழ்பெற்ற மலேசியா வாசுதேவனின் பெயரை எழுதிப் பாருங்கள். மொத்தம் 49 பைட். முப்பதில் வெட்டினால் நிற்பது ‘மலேசியா வா’. பெட்டி அழைக்கிறது! இந்த வாலை நீக்கிவிட்டு இரண்டாம் பதிப்பை மட்டும் வைத்துக்கொள்ள, குறிப்பு திருத்தும் மென்பொருள்களில் ஒரே சொடுக்கு போதும். ஃபிளாக்கில் இந்தத் தொல்லையே இல்லை. நீளக் கட்டுப்பாடு கிடையாது, தமிழ் தாராளமாக ஏறும்.

பெயர் சரியானாலும் வரிசை சரியாகாது. அகரவரிசையில் போட்டால் எம்.எஸ்.வி., எல்.ஆர்.ஈஸ்வரி, எஸ்.ஜானகி, எஸ்.பி.பி. எல்லாரும் ‘எ’ வாசலில் நெருக்கியடித்து நிற்பார்கள். முதலெழுத்தால் வந்த வினை. ‘ஜானகி, எஸ்.’ என்று வரிசைப்படுத்த மட்டும் தனிக் குறிப்பு எழுதினால் தீரும்.

இதைவிட ஆழமான சிக்கல், இந்த மென்பொருள்கள் உலகைப் பார்க்கும் விதம். பாடகர் ஒருவர், அவர் வெளியிட்ட ஆல்பம், அதற்குள் பாட்டுகள் என்பது அவற்றின் கணக்கு. யோகி பி – நட்சத்ராவின் 2006ஆம் ஆண்டு ‘வல்லவன்’ அந்தக் கணக்கில் அப்படியே பொருந்தும். சினிமாப் பாட்டு பொருந்தாது. ஒரு படத்தில் ஐந்து பாட்டை ஏழு பேர் பாடியிருப்பார்கள். சர்வர் அதைப் பல ஆல்பமாகக் கிழித்துப் போடக்கூடும். ‘ஆல்பத்தின் கலைஞர்’ என்ற கட்டத்தில் இசையமைப்பாளரின் பெயரை எழுதினால் படம் மறுபடி ஒன்றுசேரும். அங்கேயும் கவனம் தேவை. விஸ்வநாதன் – ராமமூர்த்தி 1965 வரை இரட்டையர்; அதற்குப் பிந்தைய எம்.எஸ்.வி. தனி. இரட்டையரையும் தனி எம்.எஸ்.வி.யையும் ஒரே பெயரில் போடலாமா என்று வீட்டுக்குள் சண்டை வந்தால், அது நல்ல சண்டை.

ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் வேறொரு படம் என்று வந்த கேசட்டுகளைப் பிரித்து இரண்டு ஆல்பமாகவே எழுதிவிடலாம். கடையில் பட்டியல் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய கலவைக் கேசட்டைப் பிரிக்காதீர்கள். அந்த வரிசையில் ஒரு மனிதரின் ரசனை இருக்கிறது; அட்டையில் அவர் கையெழுத்தும் இருக்கும். அதைப் படம்பிடித்து ஆல்பத்தின் முகப்பாக வையுங்கள்.

எல்லாம் முடிந்து, பாட்டிக்குக் கைப்பேசியைக் கொடுத்து எதைக் கேட்கிறார் என்று கவனித்தால், இத்தனை கட்டங்களில் எதுவும் உதவாது என்பது தெரியும். தோட்டத்து வீடுகளில் யாரும் டி.எம்.எஸ். பாட்டு போடு என்றதில்லை. எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு, அவ்வளவுதான். பாடியவர் இரண்டுக்கும் அவரே. திரையில் வாயசைத்த நடிகருக்கு எந்த மென்பொருளும் கட்டம் ஒதுக்கவில்லை. ஆனால் ‘வகை’ என்று ஒரு கட்டம் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஜாஸ், ராக் என்று எழுதுவதற்காக வைத்தது. அதில் ‘எம்.ஜி.ஆர். பாட்டு’ என்று எழுதிச் சேமியுங்கள். லிரியனின் முகப்பில் வகைகளைத் திறந்தால் ‘சிவாஜி பாட்டு’, ‘ரஜினி பாட்டு’, ‘அம்மன் பாட்டு’ என்று வரிசையாக வந்து நிற்கும்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகளும் இதே பெட்டியிலிருந்து கேட்க வேண்டும் என்றால், ரௌட்டரில் வாசலைத் திறந்து விடாமல் செய்வது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)