கப்பல் ஏறும் முன் ஒயின் வாங்குறீங்களா? எந்தப் பையில் வைக்கிறீங்க என்பதுதான் முக்கியம்!

ஒரு குடும்பத்தை நினைச்சுக்கோங்க. மகனும் மருமகளும் அமெரிக்காவின் டாலஸ் நகரில் வேலை பார்க்கிறார்கள். மதுரையில் இருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். நாலு பேரும் கரீபியன் கடலில் ஏழு நாள் கப்பல் சுற்றுலா கிளம்புகிறார்கள்.

புளோரிடா மாகாணம், ஃபோர்ட் லாடர்டேல் நகரில் விமானம் இறங்குகிறது. வாடகைக் கார் எடுத்து, வழியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ரெண்டு பாட்டில் ஒயின் வாங்குகிறார்கள். உடையாமல் இருக்கட்டும் என்று சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே சுற்றி வைக்கிறார்கள். துறைமுகத்தில் போர்ட்டர் நாலு சூட்கேஸையும் வாங்கிக்கொண்டு போகிறார்.

சாயங்காலம் கப்பல் நகர்ந்துவிட்டது. மூணு சூட்கேஸ் கேபின் வாசலுக்கு வந்தாச்சு. நாலாவது மட்டும் வரவில்லை. ஒயின் இருந்தது அதில்தான். அப்பாவின் சுகர், பிரஷர் மாத்திரைகள் இருந்ததும் அதில்தான்.

இது கற்பனைக் குடும்பம். ஆனால், நிஜத்தில் இந்தத் தப்பைச் செய்வது ரொம்ப சுலபம். இத்தனைக்கும் ஒயின் வாங்கியதில் தப்பு எதுவும் இல்லை. வைத்த பைதான் தப்பு.

சரி, என்ன விதி? எதை எங்கே வைக்கணும்? எந்த வரிசையில் வேலையை முடிக்கணும்? பார்க்கலாம்.

ஒயின் கொண்டுபோக அனுமதி இருக்கா?

கப்பல் நிறுவனத்தைப் பொறுத்தது. எல்லோருக்கும் ஒரே விதி கிடையாது.

கார்னிவல்: 21 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் சீல் உடைக்காத 750 மி.லி. ஒயின் அல்லது ஷாம்பெயின் ஒரு பாட்டில் கொண்டுவரலாம். கப்பல் ஏறும் நாளில் மட்டும்தான், கைப்பையில்தான்.

ராயல் கரீபியன்: இங்கேயும் மது அருந்தும் வயதை எட்டிய ஒவ்வொருவருக்கும் 750 மி.லி. பாட்டில் ஒன்று. ஏறும் நாளில் மட்டும்.

டிஸ்னி: கொஞ்சம் தாராளம். 21 வயது நிரம்பியவர்கள் ஆளுக்கு ரெண்டு பாட்டில் ஒயின் அல்லது ஆறு பீர் கொண்டுவரலாம். வழியில் நிற்கும் துறைமுகங்களில் இருந்து ஏறும்போதும் இதே அளவு உண்டு.

நார்வீஜியன்: ஒயின் கொண்டுவரலாம். ஆனால், கேபினில் வைத்துக் குடித்தாலும் பாட்டிலுக்குக் கட்டணம் உண்டு.

எம்எஸ்சி: வெளியில் இருந்து எந்த மதுவும் கொண்டுவரக் கூடாது.

கவனிக்க வேண்டியது, இந்தச் சலுகை ஒயினுக்கும் ஷாம்பெயினுக்கும்தான். டிஸ்னி போல பீரை அனுமதிப்பது அபூர்வம். விஸ்கி, ரம், வோட்கா எதற்கும் அனுமதி இல்லை. அட்டைப்பெட்டியில் வரும் பெரிய ஒயின் பாக்கெட்டுகளும் இந்தக் கணக்கில் சேராது. விதிகளை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றுவதால், கிளம்பும் வாரத்தில் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தையோ ஆப்பையோ ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

பாதுகாப்பு ஒரு காரணம். யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பது கப்பல் ஊழியர்களின் கண்ணில் இருக்கணும்.

இன்னொரு காரணம், வருமானம். டிக்கெட் காசு போக, பயணிகள் கப்பலுக்குள் செய்யும் செலவுதான் நிறுவனங்களுக்கு முக்கியமான வரவு. அதில் பாருக்குப் பெரிய பங்கு உண்டு.

கட்டணம் கட்டினாலும் லாபமா?

வெளியில் வாங்கிய பாட்டிலை கப்பலின் டைனிங் ஹாலுக்கு எடுத்துப் போனால், திறந்து கிளாஸில் ஊற்றித் தருவதற்குப் பல நிறுவனங்கள் ஒரு தொகை வாங்குகின்றன. இதற்குப் பெயர் கார்க்கேஜ். கார்னிவல், நார்வீஜியன் கப்பல்களில் 750 மி.லி. பாட்டிலுக்கு 15 டாலர் என்பது பழகிய தொகை.

ஒரு பாட்டிலில் சுமார் ஐந்து கிளாஸ் வரும். உதாரணத்துக்கு, கடையில் 15 டாலருக்கு ஒரு பாட்டில் வாங்கி, 15 டாலர் கார்க்கேஜும் கட்டினால் மொத்தம் 30 டாலர். அதாவது கிளாஸுக்கு 6 டாலர்.

அதே ஒயின் கப்பல் பாரில் கிளாஸ் 12 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 18 சதவீதம் சர்வீஸ் கட்டணம் சேர்த்தால் 14 டாலரைத் தாண்டும். ஐந்து கிளாஸுக்குக் கிட்டத்தட்ட 71 டாலர்.

ஆக, கட்டணம் கட்டினாலும் பாதிக்கும் கீழேதான். ஆனால், ஏற்கெனவே ட்ரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்கியிருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. அந்தப் பணத்தில் கிளாஸ் ஒயினும் அடங்கிவிடும். அவர்கள் பாட்டிலைச் சுமந்துகொண்டு போவது வீண் வேலை.

எங்கே, எப்போது வாங்குவது?

விமானத்தில் வருபவர்களுக்கு ஒரு சிக்கல். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் திரவம் கொண்டுபோக முடியாது. எனவே வீட்டில் இருந்து ஒயின் கொண்டுவந்தால், விமானத்தில் ஏற்றும் பெரிய சூட்கேஸில்தான் வைக்கணும். 24 சதவீதத்துக்குக் குறைவான ஆல்கஹால் உள்ள பானத்தை அப்படிக் கொண்டுவர அமெரிக்க விமானப் பயண விதிகள் தடை சொல்வதில்லை. ஒயின் அதற்குள்தான் வரும்.

சிக்கல் எங்கே என்றால், விமானத்துக்குச் சரியான இடம், கப்பலுக்குத் தப்பான இடம். விமானத்தில் சூட்கேஸில் வந்த பாட்டிலை, துறைமுகத்துக்குப் போகும் முன் கைப்பைக்கு மாற்றியே ஆகணும். பலர் மறப்பது இதைத்தான்.

அதைவிட, இறங்கிய ஊரிலேயே வாங்குவது சுலபம். புளோரிடாவில் ஒயினும் பீரும் பப்ளிக்ஸ், வால்மார்ட் போன்ற சூப்பர் மார்க்கெட்டுகளிலேயே கிடைக்கும். விஸ்கி மாதிரியான மதுவுக்குத்தான் தனிக் கடை.

வயதுச் சான்று கேட்பார்கள் என்பதால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்பதில்லை. மாகாணத்தின் பொதுச் சட்டப்படி நள்ளிரவு முதல் காலை 7 மணி வரை மது விற்பனை கிடையாது. சில ஊர்களில் நேரம் மாறும். எனவே விடிகாலையில் வாங்கிவிடலாம் என்று திட்டமிட வேண்டாம். முந்தின நாளே வந்துவிடுபவர்கள் அன்று சாயங்காலமே வாங்கிவிடலாம்.

திருகி மூடும் மூடி உள்ள பாட்டிலாக வாங்கினால், கார்க் திறப்பானைத் தேட வேண்டியதில்லை. இன்னொன்று, புளோரிடாவில் காருக்குள் திறந்த மது பாட்டில் இருப்பது சட்டப்படி குற்றம். கப்பல் ஏறும் வரை சீல் அப்படியே இருக்கட்டும்.

சூட்கேஸை ஒப்படைப்பது எப்படி?

ஆன்லைன் செக்-இன் முடித்ததும் லக்கேஜ் டேக் வரும். அதில் பெயர், கப்பல், பயணத் தேதி, கேபின் எண் இருக்கும். அதை பிரிண்ட் எடுத்து மடித்து, கைப்பிடியில் சுற்றி ஸ்டேப்ளர் போடணும். டேக் கிழிந்துபோனாலும் பயம் வேண்டாம். டெர்மினலில் போர்ட்டர்கள் புதிதாக எழுதிக் கட்டிவிடுவார்கள்.

காரில் இருந்து இறங்கும் இடத்திலேயே போர்ட்டர்கள் நிற்பார்கள். இவர்கள் பொதுவாகத் துறைமுகத் தொழிலாளர்கள், கப்பல் நிறுவன ஊழியர்கள் அல்ல. பெட்டிக்கு 1 முதல் 2 டாலர் டிப்ஸ் கொடுப்பது வழக்கம்.

அதன் பிறகு சூட்கேஸ் பயணியின் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரே சோதனை முடிந்து, கூண்டு வண்டிகளில் கப்பலுக்குள் ஏறி, தளம் வாரியாகப் பிரித்து, கேபின் வாசலுக்கு வந்து சேரும். ஆயிரக்கணக்கான பெட்டிகள் என்பதால் மதியமும் வரலாம், ராத்திரி சாப்பாட்டு நேரமும் ஆகலாம்.

சூட்கேஸில் பாட்டில் சிக்கினால்?

எக்ஸ்ரேயில் பாட்டில் தெரிந்தால் அந்தப் பெட்டி கேபினுக்கு வராது. தனி அறையில் நிறுத்தி வைப்பார்கள். உரியவர் தேடிப் போய், ஊழியர் முன்னால் திறந்து காட்டணும். கைப்பையில் வந்திருந்தால் அனுமதி கிடைத்திருக்கும் அதே ஒயினை, சூட்கேஸில் வந்ததால் பறிமுதல் செய்ய முடியும். சில நிறுவனங்கள் திருப்பித் தராமல் கொட்டியும் விடும், பணமும் திரும்பாது.

மவுத்வாஷ் பாட்டிலில் விஸ்கி, ஷாம்பு டப்பாவில் ரம் என்று மறைத்துக் கொண்டுவருவதும் உண்டு. சோதனை செய்பவர்களுக்கு அதெல்லாம் பழைய வித்தை. விதியை மீறுபவர்களை ஏற்ற மறுக்கும் உரிமையும் நிறுவனத்துக்கு உண்டு.

மது மட்டுமல்ல. நம்மவர்கள் ஆசையாக எடுத்துவரும் எலெக்ட்ரிக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் எல்லாமே தீ அபாயம் காரணமாகக் கப்பல்களில் தடை செய்யப்பட்டவை. இவற்றாலும் சூட்கேஸ் அந்த அறையில்தான் நிற்கும்.

கைப்பையில் என்னென்ன இருக்கணும்?

சூட்கேஸ் ராத்திரி வரை வராது என்று நினைத்துக்கொண்டுதான் கைப்பையை அடுக்கணும்.

- பாஸ்போர்ட், விசா, போர்டிங் பாஸ். பாஸ்போர்ட் சூட்கேஸோடு போய்விட்டால் கப்பல் ஏறுவதே சிக்கலாகிவிடும்.
- எல்லா மருந்துகளும். ஒரு வேளைக்கு மட்டுமல்ல, முழுப் பயணத்துக்குமானது. இன்சுலின் இருந்தால் கண்டிப்பாகக் கையில்தான்.
- பணம், நகை, போன், சார்ஜர், பவர் பேங்க்.
- குழந்தைக்கு மாற்றுத்துணி, பெரியவர்களுக்கு ஒரு ஸ்வெட்டர்.
- கடைசியாக, அனுமதிக்கப்பட்ட அந்த ஒயின் பாட்டில். துண்டில் சுற்றி, நிமிர்த்தி வைத்தால் போதும்.

நாலு பேர் போனால், பெரியவர்கள் ஆளுக்கு ஒரு பாட்டில் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது. ஒரே பையில் நாலு பாட்டில் இருந்தால் சோதனையில் கேள்வி வரும்.

வாடகைக் கார் இருந்தால் எது முதலில்?

முதலில் கடை. அடுத்து டெர்மினல். கடைசியாகத்தான் காரைத் திருப்பிக் கொடுப்பது.

காரைக் கொடுத்துவிட்டால், எல்லா சூட்கேஸையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலோ டாக்ஸியிலோ துறைமுகம் வரணும். வயதானவர்கள் இருந்தால் பெரும் அவஸ்தை. அதற்குப் பதில், டெர்மினல் வாசலில் சூட்கேஸ்களைப் போர்ட்டரிடம் கொடுத்து, குடும்பத்தையும் இறக்கிவிட்டு, ஓட்டுபவர் மட்டும் போய்க் காரை ஒப்படைத்து வரலாம். ஃபோர்ட் லாடர்டேலில் விமான நிலையமும் எவர்கிளேட்ஸ் துறைமுகமும் பக்கத்திலேயே இருப்பதால் இது பெரிய அலைச்சல் இல்லை.

ஆனால், காரை ஓட்டிப் போகிறவர் தன் பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் தன்னிடமே வைத்துக்கொள்ளணும். எல்லோருடையதும் மனைவியின் கைப்பையில் இருந்து, அவர் உள்ளே போய்விட்டால், வெளியே நிற்பவர் பாடு திண்டாட்டம்.

நேரமும் முக்கியம். அமெரிக்காவில் இருந்து கிளம்பும் கப்பல், பயணிகள் பட்டியலைப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே சுங்க, எல்லைப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் கொடுத்தாகணும். அதனால் செக்-இன் அதற்கும் முன்பே மூடிவிடும். கப்பல் 4 மணிக்குத்தானே என்று 3 மணிக்கு வந்தால், கப்பல் கண்ணெதிரே நின்றாலும் ஏற முடியாது.

திரும்பும்போது கதை தலைகீழ்

வழியில் நிற்கும் தீவுகளில் வாங்கும் மதுவைப் பெரும்பாலான கப்பல்கள் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு, பயணத்தின் முடிவில்தான் திருப்பித் தரும். சூட்கேஸ்களை கடைசி ராத்திரியே கேபின் வாசலில் வைத்துவிடுவதால், பாட்டில் கையில்தான் இருக்கும்.

அங்கிருந்து நேராக விமான நிலையம் போனால், அதே 100 மி.லி. விதி காத்திருக்கும். எனவே டெர்மினலில் சூட்கேஸ் கைக்கு வந்ததும், விமானத்துக்குப் போகும் முன், பாட்டிலை அதற்குள் மாற்றிவிடணும்.

சுருக்கமாகச் சொன்னால், கப்பலுக்குப் போகும்போது பாட்டில் கைப்பையில். விமானத்துக்குப் போகும்போது சூட்கேஸில். மாத்திரையும் பாஸ்போர்ட்டும் மட்டும் எப்போதும் கையிலேயே. இதைக் கவனித்திருந்தால், மதுரை அப்பா முதல் நாள் ராத்திரி மாத்திரையைத் தேடி அலைந்திருக்க மாட்டார். மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.