மலைச் சாலையில் இரயில் எண்கள்

சேர்வராயன் மலைக்கு இரயில் பாதை இல்லை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றித்தான் பேருந்தும் ஜீப்பும் ஏற்காட்டை அடைகின்றன. அங்கிருந்து நாகலூர் வரை செல்வோருக்குக் காப்பித் தோட்டங்களே வழித்துணை. ஆயினும் இரயில்வேத் துறை இம்மலையை மறந்துவிடவில்லை. சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே இரவில் ஓடும் வண்டிக்கு 'ஏற்காடு எக்ஸ்பிரஸ்' என்றே பெயர். ஏற்காட்டின் மண்ணை ஒருநாளும் மிதியாத வண்டிக்கு ஏற்காட்டின் பெயர்!

மலை தன் பெயரை இரயிலுக்குக் கொடுத்தது போல, இரயிலின் எண்ணைத் தம் மோட்டார் வண்டிக்கு வாங்கிக்கொள்ள விழையும் அன்பர்களும் உலகில் உண்டு. அமெரிக்க நாட்டின் மாநிலங்களில், கூடுதல் கட்டணம் செலுத்துவோர் தம் காரின் பதிவுப் பலகையில் எந்த எழுத்தும் எண்ணும் வரவேண்டும் என்பதைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். இரயில் பித்தர்களுக்கு இது போதாதா? தமக்குப் பிடித்த இரயில் கம்பெனியின் முதலெழுத்துகளையோ, இயந்திரத்தின் எண்ணையோ பொறித்துக்கொள்கிறார்கள். 4014 என்ற எண்ணைக் கண்டால் பிறருக்கு ஒன்றும் விளங்காது. இரயில் அன்பருக்கோ 1941-இல் பிறந்து, ஓய்வுபெற்று, 2019-இல் மீண்டும் உயிர்பெற்று ஓடிய 'பிக் பாய்' என்னும் மாபெரும் நீராவி இயந்திரம் கண்முன் நிற்கும்.

நம் நாட்டில் எழுத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லை. 'டி.என்.' என்ற மாநிலக் குறியும், அலுவலக எண்ணும், வரிசை எழுத்துகளும் அரசு தருபவை. சேலம் மேற்கு அலுவலகத்தில் பதிவாகும் வண்டிக்கு டி.என். 30 என்பதை எவரும் மாற்ற இயலாது. இறுதியில் வரும் நான்கு இலக்கங்களை மட்டும், உரிய கட்டணம் செலுத்திக் கேட்டுப் பெறலாம். இதைத்தான் மக்கள் 'பேன்சி நம்பர்' என்கிறார்கள்.

நான்கே இலக்கங்களில் இரயிலை எவ்வாறு அடக்குவது? ஏற்காடு எக்ஸ்பிரசின் எண் 22649. திரும்பி வரும்போது 22650. 2010 டிசம்பரில் இந்திய இரயில்களின் எண்கள் யாவும் ஐந்து இலக்கங்களாக மாற்றப்பட்டன; ஆகவே இரயிலின் எண் முழுதாக மோட்டார் வண்டியில் அமராது. முதல் இலக்கத்தை விட்டு 2649 என்று வைத்துக்கொண்டால், அறிந்தவர் அறிவர்.

இதைவிட நயமான வழி ஒன்றுண்டு. நீராவி இயந்திரங்களைச் சக்கரங்களின் எண்ணிக்கையால் இனம் காண்பது பழைய மரபு. முன்னே தாங்கும் சக்கரங்கள் எத்தனை, நடுவே இழுக்கும் சக்கரங்கள் எத்தனை, பின்னே தாங்குபவை எத்தனை என்று மூன்று எண்களைச் சொன்னால் போதும். துப்பாக்கிக் குண்டு போன்ற கூர்முகத்துடன் அகலப் பாதையில் விரைந்த 'டபிள்யூ.பி.' இயந்திரத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது 4-6-2. மீட்டர் பாதையில் பயணிகளை இழுத்த 'ஒய்.பி.'யும் அவ்வாறே. சரக்கு இழுத்த 'ஒய்.ஜி.' 2-8-2. நீலகிரி மலை ஏறும் 'எக்ஸ்' வகை இயந்திரத்துக்கு முன்சக்கரமே இல்லை. எட்டுச் சக்கரங்கள் இழுக்க, இரண்டு பின்னே தாங்குகின்றன. ஆகவே 0-8-2. ஒருவர் தம் ஸ்கூட்டருக்கு 0082 என்ற எண்ணைப் பெற்றால், நீலகிரி இரயிலையே வாங்கி வந்தது போலாகும்!

பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு. "மகன் பைக்குக்குப் பேன்சி நம்பர் வேண்டும் என்கிறான், வாங்கித் தரலாமா?" என்பார்கள். கேள்வி நியாயமானதே. 2025 ஏப்ரலில் எர்ணாகுளத்தில் 0007 என்ற எண் 45 இலட்சம் ரூபாய்க்கு மேல் ஏலம் போனது. மிளகு விலையை நாள்தோறும் பார்த்துக் கணக்கிடும் மலைக் குடும்பத்துக்கு இச்செய்தி வியப்பன்று, வேதனை. ஒன்று, ஏழு, நான்கு ஒன்பது என்று எல்லாரும் விரும்பும் எண்களுக்குத்தான் இந்த அடிதடி. 462-க்கும் 2649-க்கும் யார் போட்டியிடப் போகிறார்கள்? கட்டணம் உண்டுதான், அது வீட்டு வரவுக்குள் அடங்குமா என்பதை முன்னரே அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்ள வேண்டும். அடங்காவிடில், வரிசையில் தாமாக வரும் எண்ணை ஏற்று, அதில் எந்த இயந்திரம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதும் ஓர் இன்பமே. காசு செலவில்லாத அந்த இன்பத்தையே நாம் உயர்வாகக் கருதுகிறோம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். எண்ணைப் பெற்ற ஆர்வத்தில் பலகையிலேயே இரயில் படம் ஒட்டுவதும், இலக்கங்களை வளைத்து நெளித்து எழுதுவதும் சட்டப்படி குற்றம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் எழுத்தின் உயரத்தையும் பருமனையும்கூட வரையறுத்துள்ளன. கார் போன்ற வண்டிகளுக்கு எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம் இருத்தல் வேண்டும். பதிவு எண்ணோடு வேறு பெயரோ படமோ சேரக்கூடாது. 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு அசோகச் சக்கர முத்திரை பதித்த உயர்பாதுகாப்புப் பலகையே கட்டாயம். வளைவில் மோதிவிட்டு நிற்காமல் ஓடும் வண்டியின் எண், ஓரமாய் நடந்து செல்லும் கிழவிக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும் அன்றோ? இரயில் படம் ஒட்ட வேண்டுமானால் பெட்ரோல் டாங்கி இருக்கிறது, பின்புற மட்காடு இருக்கிறது.

சக்கரங்களை எண்ணிப் பழக விரும்பும் பிள்ளைகளுக்கு இடமும் தொலைவில் இல்லை. 2007-இல் உருவான சேலம் இரயில்வே கோட்டத்தில்தான் நீலகிரி மலை இரயிலும் சேர்ந்திருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை அதை இழுப்பது இன்றும் 'எக்ஸ்' வகை நீராவி இயந்திரமே. அவற்றுள் பழையவை சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை; 2011 முதல் நம் திருச்சிப் பொன்மலைப் பணிமனையும் செய்து தந்திருக்கிறது. சென்னைக்குச் செல்வோர், 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்து, 2010-இல் பெரம்பூரில் புதுப்பிக்கப்பட்ட 'இ.ஐ.ஆர். 21' இயந்திரத்தைப் பற்றி விசாரிக்கலாம். விழா நாள்களில் அதை ஓட்டிக் காட்டியதுண்டு. அதன் சக்கரக் கணக்கு 2-2-2. அந்த எண்ணுக்கு மட்டும் மோட்டார் அலுவலகத்தில் போட்டி இருக்கும்!